கண்ணா வேரில் ஒழுங்கு இருக்கிறதா, கீறுபவர் கண்ணில் இருக்கிறதா?

யூலை 13 – வாசகர் ஒருவரின் கேள்வி

மட்டக்களப்பில் ஓர் ஓவியக் கண்காட்சி பார்த்தேன். வேர், அலை, மணல், கிளை என்று எல்லாமே இயற்கை. 'குழப்பத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கு' என்று விளக்கம் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு அது பொய்யாகப் பட்டது. கண்ணாக்காட்டுக்குள், அதாவது வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் அலையாத்திக் காட்டுக்குள், இறங்கிப் பார்த்தால் கால் வைக்க இடமில்லாத சிக்கல்தான் தெரிகிறது. புயலும் கடலும் வெள்ளமும் வந்துபோன ஊர் இது. ஒழுங்கு என்பது கீறுபவர் தன் வசதிக்குப் பூசிக்கொள்வது. அப்படி இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

யூலை 13, இரவு

வேரில்தான் இருக்கிறது. வருடக்கணக்காக அதைக் கீறிக்கொண்டிருப்பவன் சொல்கிறேன். கரண்ட் இல்லை, போனில் தட்டுகிறேன். மீதி நாளைக்கு.

யூலை 14

நான் தொழிலால் படவரைஞர். காணி எல்லை, வாய்க்கால், வீதி, குளக்கட்டு என்று ட்ரேசிங் தாளில் ரொட்றிங் பேனாவால் கோடு போட்டுப் பழகிய கை. எல்லைக் கோடு நேராக ஓட வேண்டும், மூலை மூட வேண்டும். அந்தக் கையோடுதான் வலையிறவுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணா மரத்தடியில் போய்க் குந்தினேன்.

முதல் ஒன்றரை வருடம் ஒன்றும் சரிவரவில்லை. வேர்க் கூட்டத்தின் வெளிக்கோட்டை முதலில் போட்டுவிட்டு உள்ளே ஒவ்வொன்றாக நிரப்புவேன். காணிப் படம் அப்படித்தான் கீறுவது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வேரும் அளவில் சரி. தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தால் அவிழ்த்துக் கொட்டிய கயிறு. கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிற அதே சிக்கல்.

ஒருநாள் இறால் வலை கட்டிவிட்டு வந்த ஒரு பெரியவர் தோணியை ஓரம் கட்டிவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நுனியப் பாக்காத மனே, அது பொறந்த இடத்தப் பாரு" என்றார். அவருக்கு அது பெரிய விடயமில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

பிறந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு மிண்டி வேர் நடுமரத்திலிருந்து ஏறக்குறையக் கிடையாகப் புறப்படுகிறது. ஒரு முழம் போனதும் பாரத்தில் வளைகிறது, வளைந்து சேற்றைத் தொடுகிறது. தொட்ட பிறகு அதன் தோளிலிருந்து, வளைவின் மேல்முதுகிலிருந்து, இன்னொன்று கிளம்புகிறது. அதுவும் அதே மாதிரி வெளியே போய், வளைந்து, இறங்குகிறது. அதன் தோளில் அடுத்தது. எல்லா வேரும் செய்வது இந்த ஒரு வேலையைத்தான். எதிரில் ஏற்கெனவே ஒன்று நின்றால் பக்கத்தால் விலகும், சேறு பதிந்த இடத்தில் இன்னும் கீழே போகும். நூறு வேர் ஒரே இடத்தில் இதைச் செய்தால் பார்ப்பவருக்குச் சிக்கல். ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிறந்த இடத்திலிருந்து நடந்தால் சிக்கலே இல்லை.

அன்றைக்கு வெளிக்கோட்டை விட்டேன். மரத்தில் பேனாவை வைத்து, வேர் போன வழியில், அது போன வரிசையில் கையைக் கொண்டுபோனேன். முதலாவது வேர், அதன் தோள், இரண்டாவது வேர். மூன்று மணித்தியாலத்தில் கால்வாசித் தாள்தான் ஆனது. ஆனால் அது மரமாக நின்றது.

யூலை 14, பிறகு

விட்டுப்போன ஒன்று. கண்ணாக்காட்டுக்குள் போய்க் கீற நினைப்பவர்கள் தில்லை மரம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடிக்க வேண்டாம்.

யூலை 16

'வசதிக்குப் பூசிக்கொள்வது' என்ற சொல் மனதில் கிடந்து உறுத்துகிறது. என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

மட்டக்களப்புப் படத்தை விரித்து வையுங்கள். ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் வாவிக்கரை. இரண்டுக்கும் நடுவில் எழுவான்கரை ஒரு நாடா மாதிரிக் கிடக்கிறது. டிவைடரின் இரண்டு காலையும் ஒரு அங்குலம் அகட்டி வைத்துக் கடற்கரையை, நடப்பது மாதிரி எட்டு வைத்து அளங்கள். பிறகு அரை அங்குலமாக்கி, கால் அங்குலமாக்கி மறுபடி அளங்கள். கடற்கரை நீளம் பெரிதாக மாறாது. இதையே வாவிக்கரைக்குச் செய்தால் ஒவ்வொரு தடவையும் நீளம் கூடிக்கொண்டே போகும். எட்டுச் சிறிதாகச் சிறிதாக, முன்பு தாண்டிப் போன ஓடைகளுக்குள்ளும் கால் இறங்குகிறது. ஓடைக்குள் இன்னொரு சின்ன ஓடை. பழைய ஒரு அங்குல மைல் படத்தைவிட ஐம்பதாயிரத்துக்கு ஒன்று படத்தில் கரைக்கு இன்னும் அதிகம் நெளிவு. இளவயதில், முன்னே இருந்தவர்கள் பிழையாகக் கீறிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிழை யாருடையதும் இல்லை. இங்கிலாந்தில் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்பவர் நாட்டு எல்லைகளின் நீளம் புத்தகத்துக்குப் புத்தகம் ஏன் வேறுபடுகிறது என்று தேடிப் போய் இதைக் கண்டார். அவர் இறந்த பிறகு 1961ல் அந்தக் கணக்கு அச்சில் வந்தது. பெனுவா மாண்டல்புரோட் அதை எடுத்து, பிரித்தானியக் கரையின் நீளம் எவ்வளவு என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். எட்டைச் சுருக்கும்போது நீளம் கண்டபடி கூடவில்லை, ஒரே வீதத்தில் கூடுகிறது. அந்த வீதத்தைக் காட்டும் எண் பிரித்தானியாவின் மேற்குக் கரைக்கு 1.25. தென்னாபிரிக்கக் கரை வழவழப்பானது, 1.02. நேர்கோடு என்றால் 1.

ஆக, நெளிவுக்கு ஓர் எண் இருக்கிறது. கரையை யாரும் அழகுக்காக நெளித்துவிடவில்லை. ஓவியர் பூசியது என்றால், டிவைடர் வைத்திருக்கும் படவரைஞனின் கைக்கு அது எப்படி வந்தது?

யூலை 17

நேற்று மாண்டல்புரோட் கட்டுரைக்கு ஆண்டு போடவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1967. முழுதைப் போலவே அதன் சின்னத் துண்டும் நெளியும் வடிவங்களுக்கு 'பிராக்டல்' என்ற சொல்லை அவர் உண்டாக்கியது அதற்குப் பிறகு, 1975ல்.

யூலை 22

மருதமுனையிலிருந்து ஒரு நானா எழுதியிருப்பதை எல்லோரும் ஒருமுறை மேலே போய் வாசியுங்கள். தறியில் பாவும் ஊடையும் மனுசன் போட்ட ஒழுங்கு, அதில் ஒரு இழை அறுந்தாலும் புடவை முழுக்கத் தெரியும், இயற்கையில் ஆயிரம் இழை அறுந்து கிடக்கிறது, அங்கே எப்படி அதையே ஒழுங்கு என்பது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

என் அம்மம்மா பன்பாய் இழைப்பார். பன் புல்லை வெட்டிக் காயவைத்து, சாயம் போட வேண்டியதைப் போட்டு, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார். பன் ஒன்றுபோல் ஒன்று இராது. ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு, ஒன்று நடுவில் நைந்தது. அளவுகோல் எதுவும் அவரிடம் இருந்ததில்லை. ஒன்று விட்டு ஒன்று தூக்கு, அடுத்த வரியில் மாற்றித் தூக்கு. விதி அவ்வளவுதான். சிவப்புப் பன் விழுந்த இடங்கள் தாமாகவே சாய்சதுரமாகிவிடும், அதன் ஓரம் மட்டும் மெல்ல ஆடியபடி இருக்கும். தடித்த பன் வந்த இடத்தில் சதுரம் கொஞ்சம் வீங்கும். எனக்கு இன்றைக்கும் பிடித்தது அந்த வீக்கம்தான். மெசின் பாயில் அது வராது.

நானாவின் தறி இழை அறுந்தால் ஒழுங்கு போய்விடும். அம்மம்மாவின் பாயில் பன் முறிந்தால் இன்னொன்றைச் செருகி விட்டுப் போவார், பாய் அதைச் சேர்த்துக்கொள்ளும். கண்ணா வேரும் அப்படித்தான் செய்கிறது. ஒன்றை நண்டு தின்றாலும் தோணி இடித்தாலும் பக்கத்துத் தோளிலிருந்து இன்னொன்று இறங்கும்.

சிக்குக் கோலத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். 1974ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதி மாதிரி எழுதிவைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். பார்க்கத் தலை சுற்றும் ஒரு கோலத்துக்குப் பின்னால் இருப்பது சில விதிகளே. வாசலில் குனிந்து நிற்கும் பெண்களுக்கு இது முதலே தெரியும்.

ஓகஸ்ட் 3

பொன் விகிதம் பற்றி நான் ஏன் பேசவில்லை என்று மூன்று பேர். சங்கு, சூரியகாந்தி, மனித முகம் எல்லாம் 1.618 என்று வீடியோவும் அனுப்பியிருக்கிறார்கள்.

சூரியகாந்தி சரி. விதைகளின் சுருள்களை ஒரு பக்கமாக எண்ணினால் பெரும்பாலும் 34, மறுபக்கமாக 55, பெரியதைச் சின்னதால் வகுத்தால் 1.618க்குப் பக்கம். அன்னாசியின் கண்களையும் எண்ணிப் பாருங்கள், 8, 13 என்று வரும். புதிதாக வரும் ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து சுமார் 137.5 பாகை தள்ளி உட்காருகிறது, அதனால் அந்த எண்கள். நெருக்கத்தில் இடம் பிடிக்கும் வேலை அது.

நோட்டிலஸ் சங்கு அப்படி இல்லை. அதன் சுருள் ஒரே வீதத்தில் பெருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பொன் விகிதச் சுருள் என்றால் 6.85 மடங்குக்குப் பக்கத்தில் வர வேண்டும். வீடியோவில் சங்கின் மேல் போட்டிருக்கும் மஞ்சள் கோடு சங்கோடு பொருந்தவே இல்லை, நிறுத்திப் பாருங்கள். தம்பி குற்றம் சாட்டிய 'பூசிக்கொள்ளுதல்' இதுதான். அவர் இதைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

ஓகஸ்ட் 9

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். சிறுபோகம் வெட்டிய வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. தேன்கூடு மாதிரி அறுகோணங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அறுகோணம். ஒரு விதியும் தெரியாத களிமண் இப்படி வெடிக்கிறது என்றால் இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

ஓகஸ்ட் 24

மேலே 9ஆம் திகதி எழுதியது பிழை. அழிக்கவில்லை, இருக்கட்டும். பார்க்காமல் எழுதினேன்.

போன ஞாயிறு அதே வயலுக்குப் பாகைமானியும் ட்ரேசிங் தாளும் கொண்டுபோனேன். தாளை வெடிப்பின் மேல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, கோடுகளை அப்படியே எடுத்தேன். அறுகோணமே இல்லை! அநேகமான சந்திகள் 90 பாகைக்குப் பக்கம். ஒரு நீண்ட வெடிப்பு, அதில் வந்து முட்டும் குட்டை வெடிப்பு. ஒழுங்கை சந்திக்கு வருவது மாதிரி.

யோசித்தால் காரணம் புரிகிறது. களி காயும்போது எல்லாப் பக்கமும் இழுபடுகிறது. முதல் வெடிப்பு விழுந்ததும் அதற்குக் குறுக்கான இழுவை அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. அதன் நீளவாக்கில் உள்ள இழுவை மட்டும் மீதி. ஆகவே அடுத்த வெடிப்பு பழையதைச் சந்திக்கும்போது நேர்குத்தாக வந்து நிற்கிறது. எந்த வெடிப்பு மூத்தது, எது இளையது என்று இதை வைத்தே சொல்லலாம். முட்டுவது இளையது.

வரம்புக்கு வெளியே, உழவு படாத ஒரு களி ஓரம் இருந்தது. வாய்க்கால் கசிவில் நனைந்தும் காய்ந்தும் நெடுங்காலமாகக் கிடக்கும் இடம். அங்கே தாளை விரித்தால் கதை வேறு. மூன்று வெடிப்பு ஒரு புள்ளியில் கவட்டை மாதிரிச் சேருகிறது, கோணம் 120க்குப் பக்கம். அறுகோணம் அங்கேதான் இருந்தது. பழைய தழும்பிலேயே மறுபடி மறுபடி வெடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் சந்தி கொஞ்சம் நகர்ந்து, இழுவை மூன்று பக்கமும் சமமாகும் வரை போகிறது. வயலை ஒவ்வொரு போகமும் உழுவதால் அது எப்போதும் முதலாம் தடவை வெடிப்பாகவே இருக்கிறது.

இரண்டு தாளையும் பக்கம் பக்கமாகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரே களி, ஒரே வெயில். ஒன்றில் நேற்றுப் பிறந்த கோடு, மற்றதில் பல வருடம் பழகிய கோடு.

செப்டம்பர் 2

பொலொக் பற்றிக் கேட்டவருக்கு. ஜாக்சன் பொலொக் 1940களின் கடைசியில் துணியைத் தரையில் விரித்து மேலிருந்து பெயின்ற் ஊற்றியும் சிதறியும் வரைந்தவர். 1999ல் ரிச்சர்ட் டெய்லரும் கூட்டாளிகளும் அந்தச் சிதறலில் பிராக்டல் ஒழுங்கு இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். 2006ல் கேத்தரின் ஜோன்ஸ் ஸ்மித், ஹர்ஷ் மாத்தூர் இருவரும் அதே இதழில், சாதாரணமாகக் கிறுக்கிய நட்சத்திரங்கள்கூட அந்தச் சோதனையில் தேறுகின்றன என்று மறுத்தார்கள். அந்தச் சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பெயின்ற் விழுவது பாரத்தால், அது திரிந்து நெளிவது அதன் பிசுபிசுப்பால். அந்த இரண்டையும் தடுக்காமல் கையை ஆட்டக் கற்றுக்கொண்டவர் பொலொக். அதுவே எனக்குப் போதும்.

செப்டம்பர் 15

இந்த உரையாடல் இழையைத் தொடங்கிய தம்பி திரும்பி வந்திருக்கிறார். கேள்வி ஒரே வரி: "2004லும் ஒழுங்கைக் கண்டீர்களா?"

இன்றைக்கு என்னால் எழுத முடியாது.

செப்டம்பர் 21

சரி.

1978 நவம்பர் 23 சூறாவளியின்போது நான் சிறு பையன். விடிந்து பார்த்தால் எங்கள் வளவுத் தென்னைகள் சீப்பால் வாரிவிட்டது மாதிரி ஒரே பக்கமாகத் தலை வைத்துக் கிடந்தன. அவற்றின் மேல் இரண்டு மூன்று மட்டும் குறுக்கே. காற்றுத் திரும்பிய பிறகு விழுந்தவை அவை என்று அப்பா சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது, பார்த்துக்கொண்டும் இருந்தேன். பிள்ளைக்கு அது முடிகிறது.

2004 சுனாமியின்போது நான் பிள்ளை இல்லை. அக்காவின் வீடு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். டிசம்பர் 26 காலை அக்கா சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். அவனுக்கு ஏழு வயது. அக்கா கிடைத்தார். அவன் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, காணி எல்லைகளைத் திரும்ப அடையாளப்படுத்தும் வேலைக்காக அளக்கும் ரேப்போடு அங்கே போனேன். வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. அக்காவின் வீட்டில் மிஞ்சியது குசினியின் சீமெந்துத் தரை மட்டும். அதன் மேல் மணல். மணலில் வரி வரியாக, சீராக, இரண்டு விரல் இடைவெளியில், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும். சில இடத்தில் ஒரு வரி இரண்டாகப் பிரிந்தது. நான் அதைப் பார்த்தேன். முதலில் எனக்குள் வந்தது 'என்ன வடிவு' என்ற நினைப்பு. அடுத்த கணம் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பது உறைத்தது. ரேப்பை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். பல வருடம் மணல் வரியை நான் கீறவில்லை. வேர், கிளை, வெடிப்பு எல்லாம் கீறினேன். மணலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படிப் பார்த்ததை அக்காவிடம் சொன்னதும் இல்லை.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் ஆம் என்பதுதான். கண்டேன். கண்டதற்காக வெட்கப்பட்டேன்.

ஜப்பானிய ஓவியர் ஒக்குசாயின் பேரலைப் படம் எல்லோருக்கும் தெரியும், 1831 வாக்கில் வந்தது. அறுகம்பேயில் ரீ சேர்ட்டிலும் பார்த்தேன். நுரை விரல் விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலும் சின்ன விரலாகப் பிரியும். பெரிய அலையின் வடிவத்தையே முன்னால் எழும் சின்ன அலையும் காட்டும். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் படத்தில் மூன்று வள்ளம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆட்கள் துடுப்பின் மேல் குனிந்து, தலையைத் தாழ்த்தி, ஒருவரோடொருவர் ஒட்டிக் கிடக்கிறார்கள். 2004க்குப் பிறகு எனக்கு முதலில் தெரிவது அந்தத் தலைகள். ஒக்குசாய் அலையின் ஒழுங்கையும் விடவில்லை, ஆட்களையும் விடவில்லை. இரண்டையும் ஒரே தாளில் வைத்தார்.

லியனார்டோ டாவின்சியும் தன் கடைசிக் காலத்தில் பெருவெள்ளத்தைத் திரும்பத் திரும்பக் கீறினார். தண்ணீர் சுழலும் விதத்தை முடியின் சுருளோடு ஒப்பிட்டு எழுதியவர் அவர். ஊரையும் மரத்தையும் புரட்டும் வெள்ளத்தைப் பின்னல் சுருள் மாதிரிச் சுற்றிச் சுற்றி எழுப்பியிருக்கிறார். ரசித்துக் கீறியதாக எனக்குத் தெரியவில்லை. கண்ணை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவரின் கோடு அது.

செப்டம்பர் 23

இரண்டு நாளாக நித்திரை சரியில்லை. நேற்று முன்தினம் எழுதியதில் எனக்கே இப்போதுதான் உறைத்த ஒன்று.

குசினித் தரையில் கண்ட வரிகளை இத்தனை வருடமும் கடல் போட்டவை என்றே வைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் பாலமீன்மடு முகத்துவாரத்துக்குப் போய் மண்டியிட்டுப் பார்த்தேன். தண்ணீர் போட்ட வரி ஆழமானது, முதுகு கூர். கரைக்கு மேலே உலர்ந்த மணலில் காற்றுப் போட்ட வரி தட்டையானது, முதுகில் பருமணல் ஒதுங்கியிருக்கும். காற்றுப் பொடிமணலைத் துள்ள வைத்துக் கொண்டுபோகிறது, பருமணல் உருண்டு முதுகில் தங்குகிறது.

குசினியில் இருந்தது தட்டையான வரி. முதுகில் பருமணல் மின்னியது நல்ல ஞாபகம். மணலைக் கொண்டுவந்து போட்டது கடல். வரி போட்டது அதற்குப் பிறகு மூன்று வாரமாக, யாரும் இல்லாத அந்த இடத்தில் அடித்த காற்று. அந்தப் பிள்ளையை எடுத்த கை போட்ட கோடு இல்லை அது.

இது எதையும் மாற்றுமா என்று கேட்காதீர்கள். எனக்கு மாற்றியது.

ஒக்டோபர் 5

மணலைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். காலை ஆறு மணி, முகத்துவாரத்தின் ஈர மணல். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணல் உருண்டைகள் நூற்றுக்கணக்கில், ஒரு வளையைச் சுற்றிக் கதிர் கதிராக. சின்ன நண்டின் வேலை. அது வளையிலிருந்து நேராக ஒரு கோட்டில் வெளியே போகிறது, மணலை வாயில் போட்டுத் தின்னக்கூடியதைத் தின்றுவிட்டு மீதியை உருட்டிப் பின்னால் போடுகிறது. நிழல் விழுந்தால் வளைக்குள் ஓட வேண்டும், அதனால் அந்த வழியை மட்டும் உருண்டை விழாமல் விட்டுவைக்கிறது. அது முடிந்ததும் பக்கத்தில் அடுத்த கோடு. பசியும் பயமும் சேர்ந்து கீறிய சூரியன்! தண்ணீர் ஏறும் வரைக்கும் இருந்தது. எட்டு உருண்டை வரிசை கீறி முடிப்பதற்குள் என் கால் நனைந்துவிட்டது.

ஒக்டோபர் 19

முதல் நாள் இரவு 'வேரில்தான் இருக்கிறது' என்று அடித்துச் சொன்னேன். இன்றைக்கு அதை அப்படியே சொல்ல வரவில்லை. வேர் வளைகிறது, களி வெடிக்கிறது, நண்டு உருட்டுகிறது. ஒவ்வொன்றும் தன் பாட்டில் ஒரு செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, வழியில் தடை வந்தால் விலகுகிறது. அந்தச் செய்கையை என் கை பின்தொடரும்போது ஒழுங்கு எனக்குத் தெரிகிறது. கை நின்றால் மறுபடி சிக்கல். தம்பி சொன்னதில் கால்வாசி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரைதீவு அக்கா ஒருவர், இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சித்திரப் பாடத்தில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்டார். ஒரு முருங்கைக் கிளையைக் கையில் கொடுங்கள். காம்பு பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலை நிறுத்தச் சொல்லுங்கள். அழிறப்பரைக் கொடுக்காதீர்கள்.

நவம்பர் 2

மணல் வரிப் படம் ஒன்று கீறி முடித்தேன். பெரிய தாள், 0.2 பேனா, பதினொரு நாள். நேற்று அக்கா வீட்டுக்கு வந்தார். சுவரில் இருந்ததை எடுத்து வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அக்கா பக்கத்தில் போய் நின்று பார்த்தார். நான் தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வரும்போது அக்கா ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார், தாளைத் தொடாமல், ஒரு நூல் இடைவெளியில். வரி பிரியும் இடத்தில் விரல் நின்றது.

"இதில இரண்டாப் போகுதே தம்பி, எதால போறது?"

"எதாலயும் போகலாம் அக்கா."

இடது பக்கத்து வரியால் போனார். தாளின் ஓரம் வரைக்கும் போய், கையை எடுத்து, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டார். மை காய்ந்துதான் இருந்தது. பிறகு நான் அவரிடம் குசினித் தரையைப் பற்றிச் சொன்னேன். காற்றுப் போட்ட வரி என்பதையும் சொன்னேன். அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, அவனுக்கு மணலில் கீறுவதென்றால் விருப்பம் என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 6

மழை தொடங்கிவிட்டது. வாவி ஏறுகிறது, இன்னும் இப்படியே பெய்தால் முகத்துவாரம் வெட்டுப்பட்டுவிடும், பிறகு அந்த மணல் இராது. தம்பி நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஞாயிறு விடிய ஆறு மணிக்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் நிற்பேன். மழை என்றால் அடுத்த ஞாயிறு. 2பி பென்சில் ஒன்று போதும், தாள் நான் கொண்டுவருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டியிருக்கும், சிப்பி வெட்டும், பார்த்து வைக்க வேண்டும்.